கீச்சென்று வந்த குரல்

'கீச்சு' என்ற சொல்லை நான் யாரையும் பாராட்டுவதற்குப் பயன்படுத்தியதில்லை. முதலியார்பேட்டையில் ஒரு பள்ளியில் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். எழுதுவதற்காகப் பலகைப் பக்கம் திரும்பினால் போதும், முதுகுக்குப் பின்னால் ஆரம்பித்துவிடும். "என்ன அங்க கீச்சு கீச்சுன்னு?" என்று திரும்பாமலே ஒரு அதட்டல் போடுவேன். அந்த அதட்டலுக்குப் பக்கத்து வகுப்பும் சேர்ந்து அடங்கும். கணக்கு ஆசிரியர் அதற்காக எனக்கு நன்றி சொன்னதுண்டு. அவ்வளவு கனமான குரல் எனக்கு.

மரபுச் சொற்கள் என்று ஒரு பாடம் உண்டு. குயில் கூவும், மயில் அகவும், காகம் கரையும், கிளி பேசும், ஆந்தை அலறும். ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும்: "டீச்சர், குருவி?" குருவி கீச்சிடும். அணிலும் கீச்சிடும். எலிக்குஞ்சும் கீச்சிடும். பெரிய பறவைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு வினைச்சொல்லைப் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த பொடிசுகளை மொத்தமாக ஒரே சொல்லில் அடைத்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும். மனிதர்களிலும் அதே கதைதான். ஆண்கள் நாலு பேர் டீக்கடையில் கூடினால் அது பேச்சு. பெண்கள் நாலு பேர் குழாயடியில் கூடினால் கீச்சு. இப்போது செல்போனில் ஊர் வம்பு எழுதுவதற்கும் அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள். அதில் மட்டும் ஆண், பெண் பேதம் பார்க்கவில்லை.

எங்கள் பள்ளியில் பிரெஞ்சு சொல்லித் தரும் ஆசிரியை ஒருத்தர் இருக்கிறார். அவர்கள் வீட்டில் குழம்பு தாளிக்கும்போதுகூடப் பாதி பிரெஞ்சுதான். அவர் ஒருநாள் சொன்னார்: "பிரெஞ்சுல கைக்கொழந்த ஊ, ஆன்னு பேசறதுக்கும், காலைல குருவி சத்தம் போடறதுக்கும் ஒரே வார்த்தைதான். கஸூயேன்னு சொல்வோம். அதுல திட்டே கெடையாது." எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. விட்டுக்கொடுக்க முடியுமா? "நாங்க கொழந்தைக்குத் தனியா மழலைன்னு வெச்சிருக்கோம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். குருவியின் பக்கம் பேச எனக்கு அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

நான் பிறந்தது வைத்திக்குப்பத்தில். வீட்டு வாசலில் நின்றால் அலை பேசுவதுதான் முதலில் காதில் விழும். அதையும் தாண்டிப் பேசினால்தான் அடுத்த ஆளுக்குக் கேட்கும் என்பதால் எங்கள் சனத்துக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. ரகசியம் சொன்னாலும் மூன்று வீடு கேட்கும். அப்படிப்பட்ட குடும்பத்தில் என் தங்கை மட்டும் மெல்லிய குரலோடு பிறந்தாள். வலையிலிருந்து கழற்றிக் கையில் எடுத்தால் கீச்சென்று முனகுகிற மீன் ஒன்று உண்டு, கறுப்புக் கோடு போட்டது, முள் அதிகம். கீச்சான் என்று பெயர். கம்பிமேல் உட்கார்ந்து கத்தும் குருவி ஒன்றுக்கும் அதே பெயர்தான். எங்கள் அப்பா கடலுக்குப் போகிறவர், அவருக்கு முதலில் மீன்தான் ஞாபகம் வரும். தங்கையைக் கீச்சான் என்றே கூப்பிட்டார். அவள் இன்றைக்கு மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். அந்தக் குரலை வைத்துக்கொண்டு அவள் எப்படிப் பிழைப்பாளோ என்று எல்லோரும் கவலைப்பட்டார்கள். ஆனால் அத்தனை கனத்த குரல்களுக்கு நடுவே அவளுடையது ஒன்றுதான் தனியாகக் கேட்கிறது. கார்த்திகை மாதத்து விரதக்காரர்கள்கூட ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

போன வருடம் என் கழுத்தில் தைராய்டு கட்டி வளர்ந்தது. எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள், எடுத்தார்கள். கட்டி கெட்டது இல்லை என்று பரிசோதனை வந்ததும் வீட்டில் எல்லோரும் சாமிக்குக் கற்பூரம் காட்டினார்கள். நான் "அப்பாடா" என்று சொல்லப் போனேன். காற்றுதான் வந்தது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கட்டி குரல் நரம்போடு ஒட்டிக்கொண்டு இருந்ததாம். நரம்பைக் காப்பாற்றிவிட்டார்கள், ஆனால் அது அசந்துபோய்க் கிடக்கிறதாம். "திரும்பி வரலாம். சில பேருக்குச் சில வாரம், சில பேருக்குச் சில மாசம். சில பேருக்கு முழுசா வராமலும் போகலாம்." நான் தமிழாசிரியை. 'வரும்' என்பதற்கும் 'வரலாம்' என்பதற்கும் நடுவில் எத்தனை தூரம் என்று எனக்குத் தெரியும். குசுகுசுவென்று பேசவும் கூடாது, அது தொண்டையை இன்னும் வருத்தும் என்று தடை போட்டுவிட்டார். தண்ணீர் குடித்தால் புரை ஏறியது. இட்லியை மோரில் கரைத்துக் குடித்தால் அதற்கும் இருமல். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு வாய் இருந்தது, அதற்குள் குரல்தான் இல்லை.

வீட்டில் பேசாமல் இருந்து பார்த்தால்தான் தெரியும், ஒரு நாளைக்கு எத்தனை தடவை வாயைத் திறக்கிறோம் என்று. அடுப்பில் பால் பொங்கும்போது கூடத்தில் இருப்பவரைக் கூப்பிட முடியாது. டம்ளரைக் கரண்டியால் தட்டுவேன். என் வீட்டுக்காரர் எழுந்து வருவார். பிள்ளைகள் அ, ஆ எழுதும் பிளாஸ்டிக் சிலேட்டு ஒன்றை அவர்தான் வாங்கி வந்தார். பக்கத்தில் இருக்கும் பட்டையை இழுத்தால் எழுதியது அழிந்துவிடும். 'உப்பு போதுமா' என்று எழுதிக் காட்டுவேன். தலையாட்டுவார். கோபமாக ஏதாவது எழுதத் தொடங்கினால் எழுதி முடிப்பதற்குள் கோபம் ஆறிவிடும். பேச்சில்லாத வீட்டில் சண்டையும் நடக்காது என்பதை நான் அப்போதுதான் கண்டுகொண்டேன். அது நிம்மதியாக இல்லை.

என்னைப் பார்க்க வைத்திக்குப்பமே கிளம்பி வந்தது. உடம்பு சரியில்லாதவரைப் பார்க்காமல் விட்டால் எங்கள் சனத்தில் அது ஒரு பகை. வந்தவர்கள் ஒரு தப்புச் செய்தார்கள், அதை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள். நான் பேசவில்லை என்பதைப் பார்த்ததும், என் வீட்டில் யாருமே பேசக்கூடாது போலிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். படகு வைத்திருக்கும் என் தாய்மாமன் கரையிலிருந்து கூப்பிட்டால் கடலில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். அப்படிப்பட்டவர் என் கட்டிலின் பக்கத்தில் குனிந்து காற்றாக, "எப்பிடிம்மா இருக்குது?" என்றார். சிலேட்டில், 'மாமா, காது நல்லா கேக்குது, சத்தமா பேசுங்க' என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு, அதே காற்றுக் குரலில், "தெரியும்மா" என்றார். அத்தைகள், சித்திகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைத்துப் பேசிக்கொண்டார்கள். வாழ்நாள் முழுவதும் அலையோடு போட்டி போட்ட கூட்டம். என்னால் சிரிக்கவும் முடியவில்லை, சிரித்தால் இருமல் வரும்.

எதிர்வீட்டுக்காரர்கள் வேறு மாதிரி. அவர்கள் செவிடரிடம் பேசுவதைப் போலக் கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார்கள். "சாப்ட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு, வாயில் உருண்டை போடுவது மாதிரி காட்டுவார்கள்.

வந்தவர்கள் கைநிறைய வைத்தியமும் கொண்டு வந்தார்கள். பனங்கற்கண்டு, அதிமதுரம், சித்தரத்தை, மிளகு, தேன். சின்ன அத்தை தங்கையை ஓரமாக அழைத்துப்போய் எச்சரித்தாள்: "அவளுக்குக் கீச்சான் மட்டும் ஆக்கிப் போட்டுடாத. அப்பறம் கொரலு அப்பிடியே கீச்சுன்னு வந்து நின்னுடும்." தங்கை அதை என்னிடம் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்தாளே தவிர, கீச்சான் குழம்பு என் வீட்டுப் பக்கம் வரவே இல்லை. நெத்திலி வந்தது, காரப்பொடி மீன் வந்தது, ஒருநாள் வஞ்சிரம்கூட வந்தது. நம்பிக்கை இல்லை என்பாள், ஆனாலும் எதற்கு வம்பு என்பாள்.

மார்க்கெட் முடிந்ததும் தினமும் வந்துவிடுவாள். கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பிப்பாள். பேரம் பேசிய பெரிய மனுஷன், செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு முகச்சுளிப்போடு போன பெண், பூனை இழுத்துக்கொண்டு போன சங்கரா மீன், அவள் மகன் வாங்கித் தரச்சொல்லும் வண்டி. முன்பெல்லாம் நடுவில் புகுந்து முடித்துவைத்துவிடுவேன். இப்போது வழியில்லை. முழுசாகக் கேட்டேன். நன்றாகத்தான் பேசுகிறாள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சாயங்காலம் அவள் கிளம்பிப் போன பிறகு வீடு ரொம்பக் காலியாகத் தெரியும்.

அந்தக் காலி வீட்டில் என் வீட்டுக்காரர் டிவியைச் சத்தமாக வைப்பார். எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை அவருக்கு. வீட்டுக்கு வந்தால் நாலு வார்த்தை பேசுவார், அதில் ரெண்டு சாப்பாட்டைப் பற்றி. மீதி வார்த்தையெல்லாம் எங்கள் வீட்டில் நான்தான். நான் ஊமையான பிறகு அவர் முகத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. சாப்பிட்டார், குளித்தார், செய்தி பார்த்தார். எதிர்வீட்டுக்காரர் விசாரித்தபோது, "இப்பத்தான் எங்க வீட்ல டிவி சொல்றது காதுல விழுது" என்று சொல்லிச் சிரித்தாரே, அது அடுக்களை வரைக்கும் கேட்டது. எனக்கு அப்படியே தீப்பிடித்தது. சிலேட்டை எடுத்து எழுதினேன், இழுத்து அழித்தேன், திரும்ப எழுதினேன். கடைசியில் காட்டவே இல்லை. எத்தனை வருடம் இந்த மனுஷனுக்காகத் தொண்டை கிழியப் பேசியிருக்கிறேன், என் குரல் போனது இவருக்கு ஓய்வாகிவிட்டதே என்று நினைத்தேன். நாளாக ஆக அந்த நினைப்பு கெட்டிப்பட்டது.

பள்ளியிலிருந்து தலைமையாசிரியை வந்தார். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "லீவு முடியறதுக்குள்ள சரியாயிடும். ஒருவேளை ஆகலைன்னா கவலைப்படாதீங்க, லைப்ரரியைப் பாத்துக்குங்க. அங்க யாரும் பேச வேண்டியதில்ல." நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவர் போன பிறகு நான் ஆப்பிளைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களையில் நின்று அழுதேன். அழுவதற்கும் சத்தம் வரவில்லை. பக்கத்து அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

டாக்டர் திரும்பவும் குழாய்விட்டுப் பார்க்கிறேன் என்று சொன்ன நாள் வந்தது. இதுவரை அசையாத குரல்நாண் இந்த முறையும் அசையவில்லை என்றால் வேறு வழி யோசிக்க வேண்டும், நம்பிக்கையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று போன தடவையே தயார்படுத்தியிருந்தார். காலையில் என் வீட்டுக்காரர் வழக்கம்போலக் குளித்து, டிபன் பையை எடுத்துக்கொண்டார். "ஷிப்ட் இருக்குது. அக்காளும் தங்கச்சியும் போயிட்டு வந்துருங்க" என்றார். இந்த ஒரு நாளாவது லீவு போட்டிருக்கலாம். நான் சிலேட்டைத் தொடக்கூட இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது, கேட் சாத்தும் சத்தம் கேட்டது.

தங்கை அன்றைக்குக் கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு நேராக வந்தாள். ஆட்டோவில் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அவள் அன்றைக்குப் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மூக்கு வழியாக மெல்லிய குழாயை இறக்கினார்கள். எதிரே இருந்த திரையில் என் தொண்டையின் உள்பக்கம் தெரிந்தது. குரல்நாண்கள் இரண்டும் வெள்ளை வார்களாகத் தெரிந்தன. மூச்சு விடும்போது ஒன்று விலகும், மற்றது அப்படியே கிடக்கும். போன முறையும் இதைத்தான் பார்த்தேன்.

"ஈ சொல்லுங்க," என்றார் டாக்டர்.

காற்று வந்தது.

"விட்டுடாதீங்க. திரும்ப ஒருதரம்."

வயிற்றிலிருந்து முக்கினேன். திரையில் அந்தச் சும்மா கிடந்த வார் லேசாகத் துடித்தது. பிறகு அடுத்த வாரை நோக்கி நகர்ந்தது. அறைக்குள் எங்கேயோ 'கீச்' என்று ஒரு சத்தம். ஜன்னலில் குருவியோ என்று ஒரு கணம் நான் நினைத்தேன். டாக்டர் சிரித்ததைப் பார்த்த பிறகுதான் அது நான் என்று தெரிந்தது.

"வந்துருச்சும்மா," என்றார். "இனிமே பயப்பட வேண்டாம். நரம்பு முழிச்சுக்குச்சு. கொஞ்ச நாளைக்கு இப்பிடி மெல்லிசாத்தான் இருக்கும். பயிற்சி குடுக்கக் குடுக்கக் கனம் வந்துடும். இனி அளவாப் பேசலாம்."

தங்கை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "அக்கா, கேட்டியா? இது என் கொரலுக்கா. எங்கேர்ந்து எடுத்த?"

"வேற எங்க? உங்கிட்டேர்ந்துதாண்டி," என்றேன். அந்த மூன்று சொல்லும் மூன்று குஞ்சுகள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எத்தனை மாதத்துக் கல் நெஞ்சிலிருந்து இறங்கியது என்று சொல்ல முடியாது. என் வகுப்பு எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உலகத்தில் இவ்வளவு நல்ல சத்தத்துக்கு எப்படி ஒரு ஏச்சுச் சொல்லை வைத்தார்கள் என்று நினைத்தேன்.

மருந்துக் கடையில் சீட்டைக் கொடுக்கத் தங்கை போனாள். போகும்போது தன் செல்லை என் கையில் திணித்து, "மாமாவுக்கு நீயே சொல்லு" என்றாள். என் செல்லை நான் வீட்டிலேயே விட்டுவிடுவது வழக்கமாகியிருந்தது. எனக்கு என் வீட்டுக்காரரிடம் முதலில் சொல்ல இஷ்டமே இல்லை. இருந்தாலும் அழைத்தேன். மணி முழுசாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்.

"சொல்லும்மா."

"ஹலோ," என்றேன். கீச்சென்றுதான் வந்தது.

"இரு, இரு. உங்க அக்கா பக்கத்துல இருக்காளா? இருந்தா கொஞ்சம் தள்ளி வந்து பேசு."

என்னைத் தங்கை என்று நினைத்துவிட்டார். நான்தான் என்று சொல்ல வாய் திறந்தேன். அவர் குரலில் இருந்த ஏதோ ஒன்று என்னை நிறுத்தியது. "இல்ல," என்று மட்டும் சொன்னேன்.

"வராதுன்னு சொல்லிட்டாரா? அப்பிடிச் சொல்லியிருந்தா அவகிட்ட நீ ஒண்ணும் சொல்லிக்காத. நான் பாத்துக்கறேன்." பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போகும் சத்தம் கேட்டது. "என்னால முடியலம்மா. சாயங்காலமானா வீடு அப்பிடியே அமுங்கிப் போய்க் கெடக்குது. டிவிய சத்தமா வெக்கிறேன், ஒண்ணும் ஆவல. அவ டம்ளரத் தட்டறா இல்ல, அது கேட்டா எனக்கு நெஞ்ச என்னமோ பண்ணுது. முன்னாடி கூப்புடுவா பாரு, தெருமொனைக்குக் கேக்கும். ஆளுங்க முன்னாடி சிரிச்சுப் பேசிடறேன். அவ முன்னாடி கலங்கிட்டா அவ ஒடிஞ்சுபோயிடுவா."

நான் சுவரோரமாகச் சாய்ந்துகொண்டேன்.

"நான் இன்னைக்கி வேலைக்கிப் போவலம்மா," என்றார். "லீவு போட்டுட்டேன். ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்புல பஸ் ஸ்டாப்புலதான் காலைலேர்ந்து ஒக்காந்துக்கினு இருக்கேன். உள்ள வரத்தான் தைரியம் இல்ல. டாக்டர் வராதுன்னு சொல்லி, அவ மொகத்தப் பாத்துட்டா நான் அங்கியே விழுந்துடுவேன். நீ சொல்லும்மா. எதுவா இருந்தாலும் சொல்லிடு."

செல்லைக் காதில் வைத்துக்கொண்டே வாசலுக்கு நடந்தேன். வண்டிகளுக்கு நடுவே எதிர்ப்பக்கம் தெரிந்தது. பஸ் ஸ்டாப்பின் சிமெண்டுப் பெஞ்சில், திறக்காத டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, ஒரு கையால் செல்லைப் பிடித்து, மறு கையால் இன்னொரு காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. கண்ணீர் கண்ணை மறைத்தது. ஒரு ஆட்டோ திட்டிக்கொண்டே போனது. சாலையைக் கடந்து அவர் முன்னால் போய் நின்றேன்.

"ஏங்க," என்றேன். "வெயில்ல இப்பிடியா வந்து ஒக்காருவாங்க? சாப்புடக்கூட இல்ல. ஒரு வார்த்த என்கிட்ட சொல்லியிருந்தா கொறஞ்சா போயிடுவீங்க?"

அவர் நிமிர்ந்தார். செல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் வாயையே பார்த்தார். பஸ்ஸுக்கு நின்ற இரண்டு கல்லூரிப் பெண்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. போதும், மீதியை வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்று நிறுத்தினேன்.

"நிறுத்தாத," என்றார். கண்ணைத் துடைக்கவே இல்லை. "இன்னும் கொஞ்சம் திட்டு."